"காற்று பிரிந்ததா?": குடல் முறுக்கு அறுவை சிகிச்சையும் அதற்குப் பிறகு கவனிக்க வேண்டியவையும்

வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் காலை. வார்டுக்கு வந்த டாக்டர் வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காற்று பிரிந்ததா?" என்று கேட்கிறார். படுத்திருக்கும் பெரியவர் கூச்சத்தோடு மகளின் முகத்தைப் பார்க்கிறார். "இன்னும் இல்லைங்க டாக்டர்" என்று மகள்தான் பதில் சொல்கிறாள். டாக்டர் தலையசைத்துவிட்டு, "சரி, இன்னைக்கும் டிரிப்ஸ் ஓடட்டும்" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார்.

கூச்சப்பட வேண்டிய கேள்வியே இல்லை இது. அந்த வயிற்றுக்குள் நடப்பதில் பாதியை இந்த ஒரு கேள்வி சொல்லிவிடும். ஏன் என்று புரிய வேண்டுமானால், முதலில் குடல் எப்படி முறுக்கிக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரியவர்களுக்குச் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம், பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர். இவ்வளவு நீளமும் வயிற்றுக்குள் கண்டபடி கிடப்பதில்லை. விசிறி போன்ற ஒரு மெல்லிய சவ்வு சிறுகுடலை முதுகுப்புறச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. விசிறியின் விரிந்த ஓரத்தில் 6 மீட்டர் குடல். அது குவிந்து முதுகுச் சுவரில் ஒட்டும் அடிப்பகுதியோ ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான். குடலுக்குப் போகும் ரத்தமும் அங்கிருந்து திரும்பும் ரத்தமும் இந்தச் சவ்வு வழியாகத்தான் ஓடுகின்றன. பெருங்குடலிலும் சில பகுதிகள் இப்படிச் சவ்வில் தொங்குகின்றன. அடிப்பகுதி அகலமாக இருக்கும்வரை குடல் எவ்வளவு நெளிந்தாலும் கவலையில்லை. அது குறுகிப்போய், தொங்கும் வளையம் மட்டும் நீண்டு கனமாக இருந்தால், அந்த வளையம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. இதைத்தான் குடல் முறுக்கு என்கிறோம்.

முறுக்கியதும் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. வளையத்தின் இரண்டு வாயும் மூடிக்கொள்வதால் உள்ளே இருக்கும் காற்றுக்கும் திரவத்துக்கும் வெளியேற வழியில்லை. வளையம் பலூன் போல உப்புகிறது. அதைவிட ஆபத்தானது, ரத்தக்குழாய்களும் சேர்ந்து முறுக்கப்படுவது. சிரைகளின் சுவர் மெல்லியது, தமனிகளின் சுவர் தடித்தது. அதனால் முதலில் நசுங்குவது சிரைதான். ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, திரும்பிப் போக முடியவில்லை. குடல் சுவர் ஊறி, வீங்கி, கருநீலமாகிறது. கடைசியில் தமனியும் அடைபட்டு, குடல் இறக்கத் தொடங்குகிறது. முறுக்கு இறுக்கமாக இருந்தால் இதற்குச் சில மணி நேரமே போதும். இறந்த குடல் ஓட்டையாகி, மலமும் கிருமிகளும் வயிற்றுக்குள் கொட்டினால் அது உயிருக்கே வந்த ஆபத்து.

அடைப்பை மட்டும் நினைத்தால் இது ஏதோ மலச்சிக்கல் போலத் தோன்றும். ரத்த ஓட்டத்தை நினைத்தால்தான் டாக்டர்கள் ஏன் இப்படி அவசரப்படுகிறார்கள் என்பது விளங்கும். அறுவை சிகிச்சையில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும், அதற்குப் பின்னால் வரும் பெரும்பாலான ஆபத்துகளும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: அந்தக் குடலுக்கு உயிர் இருக்கிறதா?

யாருக்கு வருகிறது?

பெரியவர்களில் அதிகம் முறுக்கிக்கொள்வது சிக்மாய்டு எனப்படும் பகுதி. வயிற்றின் இடது கீழ்ப்பக்கம், மலக்குடலுக்குச் சற்று மேலே வளைந்து கிடக்கும் பெருங்குடல் இது. வயதானவர்கள், பல வருடம் மலச்சிக்கலோடு இருப்பவர்கள், படுக்கையிலேயே காலம் கழிப்பவர்கள், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் உள்ளவர்கள், குடல் அசைவைக் குறைக்கும் மனநல மருந்துகளை நெடுநாள் சாப்பிடுபவர்கள் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இதற்கு அடுத்தபடியாக முறுக்குவது பெருங்குடல் தொடங்கும் இடமான சீக்கம், அதாவது வலது கீழ்ப்பக்கம் உள்ள பை.

பச்சிளம் குழந்தைகளின் கதை வேறு. கருவில் வளரும்போது குடல் 270 டிகிரி சுழன்று தன் இடத்தில் போய் அமர வேண்டும். சிலருக்கு இந்தச் சுழற்சி பாதியில் நின்றுபோகிறது. அப்போது விசிறியின் அடிப்பகுதி குறுகிய காம்பு போல ஆகி, சிறுகுடல் கிட்டத்தட்ட முழுவதுமே அந்தக் காம்பைச் சுற்றி முறுக்கிக்கொள்ள முடியும். பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அதை "பால் செரிக்கவில்லை" என்று விட்டுவிடக் கூடாது. பச்சை என்பது பித்தநீர். அந்த ஒரு அறிகுறிக்காகவே, எந்த நேரமானாலும் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

பெரியவர்களுக்கு வயிறு உப்புவது, விட்டு விட்டு வரும் வலி, மலமும் காற்றும் இரண்டுமே நின்றுபோவது, அப்புறம் வாந்தி என்று அறிகுறிகள் வரும். விட்டு விட்டு வந்த வலி விடாமல் நின்று வலிக்கத் தொடங்கினால், காய்ச்சல் வந்தால், நாடி வேகமாக ஓடினால் குடல் இறந்துகொண்டிருக்கலாம் என்று பொருள். எக்ஸ்ரேயில் உப்பிய சிக்மாய்டு வளையம் பெரிய காப்பிக்கொட்டை போலத் தெரியும். சிடி ஸ்கேனில் முறுக்கிய சவ்வும் ரத்தக்குழாய்களும் நீர்ச்சுழி போலச் சுருண்டு தெரியும்.

கத்தி வைக்கும் முன்

நோயாளி வந்தவுடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட மாட்டார்கள். முதலில் நரம்பில் டிரிப்ஸ், மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய், சிறுநீர்க் குழாய், ஆன்டிபயாடிக். உப்பிய குடல் உடலின் நீரையெல்லாம் தன்னுள் இழுத்து வைத்திருப்பதால், அந்த நீரை ஈடுகட்டாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும்.

சிக்மாய்டு முறுக்குக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. குடல் இன்னும் உயிரோடு இருப்பதாகத் தெரிந்தால், ஆசனவாய் வழியாக எண்டோஸ்கோப் எனப்படும் கேமரா பொருத்திய குழாயை மெல்லச் செலுத்தி முறுக்கைப் பிரித்துப் பார்க்கலாம். குழாய் முறுக்கைத் தாண்டிய கணத்தில் அடைபட்டிருந்த காற்றும் திரவமும் பீறிட்டு வெளியே வரும். பானை போல இருந்த வயிறு கண்ணெதிரே தணியும். 1947-ல் நார்வே நாட்டு மருத்துவர் புரூஸ்கார்ட் இந்த முறையைப் பற்றி எழுதிய பிறகு இது பரவலானது. பிரித்த பிறகு ஒரு ரப்பர் குழாயை ஓரிரு நாள் உள்ளேயே விட்டுவைப்பார்கள்.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. வலி போய்விட்டது, வயிறு தணிந்துவிட்டது. "அதான் சரியாகிவிட்டதே, எதற்கு ஆபரேஷன்?" நியாயமான கேள்விதான். ஆனால் நீண்ட வளையமும் குறுகிய அடிப்பகுதியும் அப்படியேதான் இருக்கின்றன. பிரித்துவிட்டதோடு நிறுத்திக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி முறுக்கிக்கொள்கிறது. அடுத்த தடவை அது நடுராத்திரியில் நடக்கலாம், குடல் செத்த பிறகே கண்டுபிடிக்கப்படலாம். அதனால்தான் உடல் தாங்கும் நிலையில் உள்ளவர்களுக்கு, வீட்டுக்கு அனுப்பும் முன்பே அந்த வளையத்தை அகற்றிவிடச் சொல்கிறார்கள். நிதானமாக, குடலைத் தயார்படுத்திச் செய்யும் அறுவை சிகிச்சைக்கும் அவசரத்தில் செய்வதற்கும் உயிராபத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. என்னைக் கேட்டால், டாக்டர் சொல்லும் காரணத்தை முழுதாகக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள் என்பேன்.

சீக்கத்துக்கு இந்தச் சலுகை அநேகமாக இல்லை. எண்டோஸ்கோப்பால் அதைப் பிரிப்பது அரிதாகவே கைகூடும். பெரும்பாலும் நேரே அறுவை சிகிச்சைதான்.

மேசையில்

வயிற்றைத் திறந்ததும் அறுவை நிபுணர் முதலில் பார்ப்பது நிறத்தை. உயிருள்ள குடல் இளஞ்சிவப்பாக, பளபளப்பாக இருக்கும். விரலால் மெல்லச் சுண்டினால் அலை போல நெளியும். சவ்வின் ஓரத்தில் நாடி துடிப்பது தெரியும். கறுத்து, பளபளப்பு போய், நனைந்த காகிதம் போலத் துவண்டு கிடந்தால் அது இறந்துவிட்டது, சந்தேகத்துக்கு இடமில்லை. சிக்கலெல்லாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கருநீலத்தில்தான். அப்போது வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் குடலை மூடிவிட்டு, காத்திருப்பார்கள். தியேட்டரில் எல்லாருடைய கண்ணும் கடிகாரத்தில். சில நிமிடம் கழித்துத் துணியை விலக்கும்போது நீலம் கரைந்து ரோஜா நிறம் ஏறியிருந்தால் அந்தக் குடல் பிழைத்துக்கொண்டது. அப்போதும் தீர்மானமாகச் சொல்ல முடியாவிட்டால், ஒன்றிரண்டு நாள் கழித்து மீண்டும் வயிற்றைத் திறந்து பார்ப்பதும் உண்டு. "முதல் ஆபரேஷன் தோற்றுப்போச்சு, அதான் திரும்பவும் கூட்டிப்போறாங்க" என்று வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் கலங்குவார்கள். முன்கூட்டியே திட்டமிட்டதுதான் அது. உயிருள்ள குடலை ஒரு சென்டிமீட்டர்கூட வீணாக வெட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது.

குடல் ஏற்கெனவே இறந்திருந்தால் முறுக்கைப் பிரிக்காமல் அப்படியே வெட்டி எடுப்பதே வழக்கம். பிரித்துவிட்டால், அதற்குள் தேங்கிக் கிடந்த நச்சுப் பொருள்களெல்லாம் ஒரே வீச்சில் ரத்தத்தில் கலந்துவிடும்.

வெட்டிய பிறகு இரண்டு முனைகளை என்ன செய்வது? நோயாளி தெம்பாக இருந்து, முனைகளில் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் அங்கேயே இணைத்துத் தைத்துவிடலாம். ரத்த அழுத்தம் தள்ளாடுகிறது, வயிற்றுக்குள் சீழோ மலமோ பரவியிருக்கிறது என்றால் அந்தத் தையல் பிடிக்காது. அப்போது மேல்முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து, மலம் ஒரு பையில் சேரும்படி செய்வார்கள், கீழ்முனையை மூடிவிடுவார்கள். பிரெஞ்சு அறுவை நிபுணர் ஆன்ரி ஹார்ட்மன் 1921-ல் விவரித்த முறை இது. இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. வெளியே தெரியும் அந்தக் குடல் வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். சில மாதம் கழித்து உடல் தேறியதும் இரண்டாவது அறுவை சிகிச்சையில் மறுபடி இணைக்கலாம். முதுமையோ வேறு நோய்களோ காரணமாகச் சிலருக்குப் பை நிரந்தரமாகவே தங்கிவிடுவதும் உண்டு. இதை முன்னாலேயே நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

வெட்டாமல் குடலை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்து நிறுத்தும் முறைகளும் இருக்கின்றன. ஆனால் வெட்டி எடுப்பதைவிட இவற்றில் முறுக்கு திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

குழந்தைகளுக்குச் செய்வது, பாஸ்டனில் பணியாற்றிய வில்லியம் லாட் 1936-ல் விவரித்த அறுவை சிகிச்சை. குடல் பெரும்பாலும் கடிகார முள் சுற்றும் திசையில் முறுக்கியிருக்கும். அதனால் எதிர்த்திசையில் பிரிக்கிறார்கள். குடலை அழுத்தும் பட்டைகளை வெட்டிவிட்டு, சவ்வின் குறுகிய அடிப்பகுதியை விரித்துவிடுகிறார்கள். பிறகு சிறுகுடலை வலது பக்கமும் பெருங்குடலை இடது பக்கமும் அமர்த்துகிறார்கள். குடல்வால் வழக்கமான இடத்தில் இல்லாமல் போவதால், பிற்காலத்தில் அது வீங்கினால் குழப்பம் வரும் என்று அதையும் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள்.

எந்த ஆபத்து எப்போது வரும்?

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் ஆபத்துகள் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு காலம் இருக்கிறது. கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் வீண் பயமும் குறையும், கவனிக்க வேண்டியதையும் தவறவிட மாட்டார்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியலாம். ரத்தம் நின்றிருந்த குடலுக்கு மறுபடி ரத்தம் பாயும்போது, அங்கே தேங்கிய அமிலமும் பொட்டாசியமும் உடலெங்கும் பரவுகின்றன. இதயத் துடிப்பு தாளம் தப்பலாம், ரத்த அழுத்தம் சரியலாம், சிறுநீரகம் சோர்ந்துபோகலாம். சிறுநீர்ப் பையை நர்ஸ் மணிக்கு ஒருமுறை குனிந்து பார்த்து அளவு குறிப்பது இதற்காகத்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். ஏற்கெனவே கிருமி ரத்தத்தில் கலந்திருந்தால் இந்த நாட்களில்தான் அதன் முழு வீரியமும் தெரியும். வயதானவர்கள் திடீரென்று ஆள் தெரியாமல் உளறலாம், ஊசியைப் பிடுங்கலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் பலருக்கும் இது சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் பின்னால் நோய்த்தொற்று ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதால் உடனே சொல்லுங்கள்.

அடுத்து, நாம் முதலில் பார்த்த கேள்வி. கையாண்ட குடல் சிறிது காலம் அசைவில்லாமல் படுத்துக்கொள்ளும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் விழித்துக்கொள்கிறது, இரைப்பைக்கு ஓரிரு நாள், பெருங்குடலுக்கு மூன்று நாள் வாக்கில் ஆகிறது. அவசர அறுவை சிகிச்சை, வயிற்றுக்குள் சீழ், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகள் இதை இன்னும் இழுத்தடிக்கும். காற்று பிரிந்தது என்றால் கடைசியாக விழிக்க வேண்டிய பெருங்குடலும் விழித்துவிட்டது, வழியும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். வயிறு மறுபடி உப்பி, வாந்தியும் வந்தால் நிறுத்திய மூக்குக் குழாயைத் திரும்பப் போட வேண்டிவரும். டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை நிபுணர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் முன்னெடுத்த விரைவு மீட்பு முறை வந்த பிறகு, நாள் கணக்கில் பட்டினி போட்டுப் படுக்க வைக்கும் பழக்கம் குறைந்துவிட்டது. டாக்டர் சம்மதித்தால் சீக்கிரமே சிறிது உணவு, சீக்கிரமே நடை.

அந்த நடையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வலிக்கிறதே என்று பாவப்பட்டு, "நீங்க படுத்திருங்கப்பா" என்று சொல்வது பாசம்தான். ஆனால் ஆபத்தான பாசம். அசையாத காலில் ரத்தம் உறைகிறது. அந்தக் கட்டி பிரிந்து நுரையீரலை அடைத்தால் நொடியில் உயிர் போகலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிடமே ஆளைக் கூப்பிட வேண்டும். வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசி, இறுக்கமான காலுறை, எல்லாம் இதற்காகத்தான். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். ஒரு தலையணையைத் தையல் மீது அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறைவாகத் தெரியும்.

அப்புறம் வருகிற நாட்கள்தான் டாக்டர்கள் அதிகம் அஞ்சுவது. குடலை இணைத்த தையல் விட்டுக் கசிவது பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வாக்கில் தெரியவரும். அதற்கு முன்போ பின்போ வருவதும் உண்டு. நேற்றுவரை தேறிவந்தவர் இன்று ஏனோ சோர்ந்திருக்கிறார், நாடி வேகமாக ஓடுகிறது, காய்ச்சல் வருகிறது, வயிறு மறுபடி வலிக்கிறது. இப்படித்தான் அது தொடங்கும். ரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் எடுத்துப் பார்ப்பார்கள். சின்னக் கசிவென்றால் ஆன்டிபயாடிக் கொடுத்து, சேர்ந்த சீழை ஊசி வழியே குழாய் வைத்து வடிக்கலாம். பெரிதென்றால் மறுபடி தியேட்டர்தான், பெரும்பாலும் அப்போது ஸ்டோமா வைக்க வேண்டிவரும். "நேத்து இருந்த மாதிரி இல்லை" என்று வீட்டார் சொல்வதை நல்ல டாக்டர் அலட்சியப்படுத்த மாட்டார். தயங்காமல் சொல்லுங்கள்.

வெளிக்காயமும் ஏறத்தாழ இதே நாட்களில்தான் தொல்லை தரும். பெருங்குடல் கிருமிகள் நிறைந்த இடம் என்பதால் காயம் சிவந்து சீழ் வைப்பது அரிதல்ல. இதில் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: ஒரு வாரம் ஆன நிலையில், கட்டுத்துணி திடீரென்று இளஞ்சிவப்பு நீரால் நனைந்தால், உள்ளே தையல் விட்டுக்கொண்டிருக்கலாம். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள முயலாதீர்கள். உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, அசையாமல் படுக்க வைத்து, வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் உடனே உதவி கூப்பிட வேண்டும்.

ஸ்டோமா இருப்பவர்கள் அதன் நிறத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். உதட்டின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருந்தால் நலம். கருஞ்சிவப்போ கறுப்போ ஆனால் அதற்கு ரத்தம் போகவில்லை. அன்றே காட்ட வேண்டும். தொட்டால் வலிக்காது என்பதால் வலியை நம்பிக் காத்திருக்க முடியாது. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே காலி செய்தால் கனத்தில் பிய்ந்து கசியாது, சுற்றியுள்ள தோலும் புண்ணாகாது. முதல் தடவை பை மாற்றும்போது பலர் கண்ணீர் விடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்காமல் இருப்பது அந்த நேரத்தில் எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆறிலிருந்து எட்டு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. தூக்கினால் தையல் போட்ட இடம் பலவீனப்பட்டு, பின்னாளில் அங்கே குடல் புடைத்துக்கொண்டு ஹெர்னியா வரலாம். நீண்ட பகுதி சிறுகுடலை இழந்தவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, சாப்பிட்டது உடலில் சேராது. நரம்பு வழியாகவே சத்து ஏற்றி, மிச்சமிருக்கும் குடல் பழகும்வரை மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூடக் காத்திருக்க வேண்டிவரும். சிறுகுடலின் கடைசிப் பகுதி போனவர்களுக்கு வைட்டமின் பி12 உறிஞ்சப்படாது. அதை ஊசியாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

மிக நீண்ட காலம் காத்திருந்து வருவது ஒட்டல். ஒருமுறை திறந்த வயிற்றுக்குள், ஆறும்போது நார் போன்ற இழைகள் உருவாகிக் குடலை அங்கங்கே ஒட்டவைக்கின்றன. பெரும்பாலானோருக்கு இதனால் தொந்தரவே இருக்காது. சிலருக்கு மாதங்கள் கழித்தோ, பத்து இருபது வருடம் கழித்தோ, அந்த இழையில் குடல் மாட்டி அடைத்துக்கொள்ளும். குழந்தையாக இருந்தபோது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் வளர்ந்து பெரியவரான பிறகும் இது வரலாம். அப்போது அவரைப் பார்க்கும் டாக்டர் புதியவராக இருப்பார். பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதி எவ்வளவு வெட்டப்பட்டது, எங்கே இணைக்கப்பட்டது, குடல்வால் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

வயிறு உப்பி, வாந்தி வந்து, மலமும் காற்றும் நின்றுவிட்டால் வீட்டில் பேதி மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், காற்று எப்போதிலிருந்து பிரியவில்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.